ரெட்டை டிஸ்க் மேடம்

கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை நான் ஸ்டெப்னி என்று நம்பினேன். லாரிக்குப் பின்னால் தொங்குமே, அந்த ஸ்டெப்னி. ஒன்று பஞ்சரானால் இன்னொன்று. ஒரே மாதிரி இரண்டு சாமான் ஒரு பெட்டிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால் வேறு என்னவென்று நினைப்பது? எங்கள் தாராவி வீட்டில் எதுவும் இரண்டு இருந்தால் ஒன்று புழக்கத்துக்கு, இன்னொன்று பரணுக்கு. அப்படி வளர்ந்தவன். உலகத்தையே அப்படித்தான் பார்த்தேன்.

அந்த இரண்டு டிஸ்க்கையும் அந்தப் பெட்டிக்குள் உட்கார வைத்தவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் வேண்டாம். எங்காவது இருப்பார், இதைப் படித்திருந்தால் இந்நேரம், "சீக்கிரம் விஷயத்துக்கு வா" என்றிருப்பார். நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம்.

எண்பதுகளின் கடைசி. மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். கீழே அண்ணாச்சியின் அச்சகம். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் பம்பாய்த் தமிழர்களிடையே பெயர் எடுத்தவர். அவருடைய யோசனை நேர்கோடு போட்ட மாதிரி இருக்கும். பத்திரிகை அடிக்க வேண்டுமானால் கல்யாணம் நடக்க வேண்டும். கல்யாணம் நடக்க வேண்டுமானால் ஜாதகம் பொருந்த வேண்டும். ஆகவே முதல் மாடியில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து ஜாதகப் பொருத்த நிலையம் தொடங்கிவிட்டார். செம்பூர், முலுண்டு, தாராவி என்று எங்கெல்லாம் தமிழர்கள் வயது வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்களோ, அங்கிருந்தெல்லாம் ஜாதகங்கள் வந்து குவிந்தன.

டைப்ரைட்டிங் பாஸ் என்ற ஒரே தகுதியில் நான் அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் தட்டிப் போடுபவன். பொருத்தம் பார்க்கும் புரோகிராம் எழுதியவர் மேடம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஒரு பெரிய கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவர், தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்க ஒரு மெஷின் கிடைக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட்டு அண்ணாச்சியிடம் வந்தார். சுனாபட்டி வீட்டில் கூடவே இருந்த அவருடைய அம்மா அதை மன்னிக்கவே இல்லை.

மேடத்துக்குக் காத்திருக்க வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. இவருக்குக் காத்திருப்பது வராது. "சும்மா நிக்கப்படாது" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். மனிதர்களுக்கு மட்டும் இல்லை, மின்விசிறிக்கும் அடுப்புக்கும் சேர்த்துச் சொல்வார். டீக்கடையில் பால் கொதிக்கும் நேரத்தில் டீக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்கூட அவருக்குத் தாங்காது. "பையா, தப் தக் கிளாஸ் தோ லோ நா" என்று பாம்பே இந்தியில் அவருக்குக் கிளாஸ் கழுவும் வேலை கொடுப்பார். டீக்காரர் எங்களைப் பார்த்ததும் பழைய கிளாஸ்களை எடுத்துக் கழுவத் தொடங்கிவிடுவார், பயத்தில்.

தாதரில் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது டிக்கெட் கவுண்டரில் அவர் ஒரு வரிசையிலும் என்னை இன்னொரு வரிசையிலும் நிறுத்துவார். எந்த வரிசை முந்துகிறதோ அதில் இரண்டு டிக்கெட். ஒருநாள் இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் முந்திவிட்டது. கையில் நான்கு டிக்கெட்டோடு நின்றோம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மிச்சம் இரண்டு டிக்கெட்டையும் வரிசையின் கடைசியில் நின்றிருந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்து, "நீங்களாவது நிக்காம போங்கோ" என்றார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மகாலட்சுமியையே பார்த்த மாதிரிக் கும்பிட்டார்கள்.

வீட்டில் இட்லிக்கு அரைப்பதும் இதே முறைதான். தன் வீட்டு கிரைண்டரில் உளுந்து. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு கிரைண்டரில் அரிசி. பாதி நேரத்தில் முடிந்தது என்று ஆபீசில் பெருமை அடித்தார். ஒரு சனிக்கிழமை அரிசி ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புனாவிலிருந்து ஏதோ செய்தி வந்து, கிரைண்டரை நிறுத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாரம் முழுக்க மேடம் டிபன் டப்பாவில் வடை கொண்டு வந்தார். முறையை மட்டும் மாற்றவில்லை.

இதையெல்லாம் நான் ரசித்தேன். என்னால் ரசிக்க முடியாதது அவர் பேசும் விதம். ஒரு விஷயத்தை ஒரே ஆளிடம் முழுதாகச் சொல்லும் நேரம் அவருக்கு வீணாகத் தோன்றும். முதல் பாதியை எனக்குச் சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்குவார், மீதியைக் கீழே அண்ணாச்சிக்குச் சொல்வார். நானும் அண்ணாச்சியும் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது எங்கள் பாதிகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்வோம்.

"ஒங்கிட்ட என்னடே சொன்னாங்க?"

"ரிப்பன் தீந்துட்டுன்னு சொன்னாங்க அண்ணாச்சி."

"எங்கிட்ட 'கறுப்பு வேண்டாம்'னாங்க. அப்பம் செவப்பு ரிப்பன் வாங்கணும். சரி, சாப்புடு."

இப்படி ஓடிக்கொண்டிருந்த நிலையத்தில் ஒருநாள் அண்ணாச்சிக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. விஜயதசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்து, ஜாதகம் கொடுத்த எல்லாக் குடும்பங்களையும் வரவழைப்பது. கம்ப்யூட்டரை அங்கேயே வைத்து, வருகிறவர்களுக்குப் பொருத்தமான வரன்களின் பட்டியலை உடனுக்குடன் அச்சடித்துக் கொடுப்பது.

மேடம் முகம் மாறிவிட்டது. ஒரு ஜாதகத்தை மற்ற எல்லா ஜாதகங்களோடும் ஒப்பிட அந்த மெஷின் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒருவர் கீழே போய் டீ குடித்து, வெற்றிலை போட்டு, துப்பிவிட்டும் வரலாம். கணக்குப் போடுவதில் தாமதம் இல்லை, டிஸ்க்கில்தான் தாமதம். உள்ளே தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். அதன்மேல் கிராமபோன் முள் மாதிரி ஒரு தலை, வேண்டிய இடத்தைத் தேடி அங்கும் இங்கும் நகர்ந்து படிக்கும். தேடுகிற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் சும்மா நிற்கும். சும்மா. அந்த மெஷினின் சின்னச் சிவப்பு விளக்கை மேடம் முறைத்துப் பார்க்கும்போது, அது மட்டும் ஆளாக இருந்தால் கிளாஸ் கழுவத் தொடங்கியிருக்கும்.

"இன்னொரு டிஸ்க் வேணும்" என்றார் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சி யோசித்தார். "வாங்கித் தாரேன் மேடம். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வார ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கனயே லிஸ்ட் கையில கெடைக்கணும். ஹால்ல வச்சு என் மானத்த வாங்கிச்சுன்னா இந்த மெஷினை வித்துருவேன். மேல ஒரு ஆஃப்செட் பிரஸ் போட்டுட்டு நிம்மதியா இருப்பேன்."

மெஷின் போனால் மேடமும் போக வேண்டியதுதான், நானும் போக வேண்டியதுதான். எனக்கு இன்னொரு டைப்பிங் வேலை கிடைத்துவிடும். அவருக்கோ அது வேலை மட்டும் இல்லை. கம்பெனியை விட்டு இங்கே வந்தது முட்டாள்தனம் என்று சொன்ன அத்தனை பேரும் சரி என்றாகிவிடும். முதல் ஆளாக, சொந்த அம்மா.

டிஸ்க் வந்தது. அதை இயக்கும் தனி கன்ட்ரோலர் கார்டோடு அதையும் பெட்டிக்குள் பொருத்தினார். பெட்டியின் மூடியைத் திரும்ப மூடவே இல்லை. ஸ்குரூவைக் கழற்றி மாட்டும் நேரம் மிச்சம். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்து ஏதோ எழுதினார். ஒருநாள் சாயங்காலம் எழுந்து, "முடிஞ்சுது" என்றார். ஒரு ஜாதகத்தைப் போட்டுக் காட்டினார். டீ குடிக்கப் போகும் அளவு நேரம் எடுத்தது இப்போது கொட்டாவி விட்டு முடிக்கும் முன் வந்துவிட்டது.

"எப்படி மேடம்?"

"ஒரு ஜாதகத்தைத் துண்டு துண்டா வெட்டி, ஒரு துண்டு இந்த டிஸ்க்குல, அடுத்த துண்டு அந்த டிஸ்க்குலன்னு மாத்தி மாத்தி எழுதறேன். ஒண்ணு தேடிண்டிருக்கச்சே இன்னொண்ணு படிச்சுண்டிருக்கும். சும்மாவே நிக்காது." சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கிவிட்டார்.

மீதிப் பாதியைக் கீழே அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார்: ரெண்டும் இருந்தாத்தான் முழுசு, ஒண்ணைக் கழட்டினா மிச்சம் இருக்கறது வெறும் குப்பை. அன்றைக்கு அண்ணாச்சி ஒரு பத்திரிகையில் பிள்ளை வீட்டாரின் தாத்தா பெயரைத் தப்பாக அடித்துவிட்டு அவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்தச் சண்டை ஓயாததில் மறுநாள் மத்தியானமும் நாங்கள் சேர்ந்து சாப்பிடவில்லை. எனக்கு மாத்தி மாத்தி என்றது காதில் விழுந்தது. மனதில் விழுந்ததெல்லாம் இரண்டு டிஸ்க், ஒன்று ஸ்டெப்னி.

ஆயுத பூஜை வந்தது. மேடத்துக்கு லீவு. முதல் நாளே என்னிடம், "டிவி மாதிரி இருக்கே, அதுக்கு ஒரு பொட்டு வை. வேற எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வாக்கியத்தை எனக்கு முழுதாகவே சொன்னார் என்பதை இங்கே நியாயமாகப் பதிவு செய்கிறேன்.

காலையில் அச்சகம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும். பேப்பர் வெட்டும் மெஷினுக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அண்ணாச்சி வெற்று உடம்பில் விபூதியோடு மாடிக்கு வந்து கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"பெட்டிக்குப் பொட்டு வச்சா போதுமாடே? பெட்டியா வேல செய்யி? இதுல ஆயுதம் எது?"

"டிஸ்க் அண்ணாச்சி."

"அப்பம் அத எடுத்துப் பலகையில வை. அரிவாளுக்குப் பூசைன்னா உறைக்கா பொட்டு வைப்பாக?"

ஸ்குரூ டிரைவரை எடுக்கப் போனேன். அதே நேரத்தில் முலுண்டிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். பெண்ணைப் பெற்றவர். "அரே பாபா, நாளைக்கு ஆபீஸ் வேலையா நாக்பூர் போறேன்பா. ஞாயித்துக்கிழமை இருக்க மாட்டேன். எனக்கு மட்டும் இப்பவே லிஸ்ட் அடிச்சுக் குடுத்துடேன், ப்ளீஸ்" என்றார்.

அண்ணாச்சிக்குப் பூசை வேண்டும். இவருக்குப் பட்டியல் வேண்டும். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை வரை எடுத்துப் புழங்கக் கூடாது. எனக்கு அப்போது மின்னல் வெட்டிய மாதிரி ஒரு தெளிவு வந்தது. என் வாழ்க்கையில் அப்படித் தெளிவு வந்தபோதெல்லாம் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. டிஸ்க் இரண்டு இருக்கிறதே! ஒன்று சரஸ்வதிக்கு, ஒன்று முலுண்டுக்கு.

மூடி திறந்தே இருந்ததால் ஸ்குரூ டிரைவர் வேலை கொஞ்சம்தான். மெஷினை அணைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றிப் பலகையில் வைத்து, அதன் நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில் மூன்று விரலால் தாராளமாகச் சந்தனம் இழுத்தேன். குங்குமம் வைத்தேன். ஒரு சாமந்திப் பூவும் வைத்தேன். அண்ணாச்சி கற்பூரம் காட்டினார். "இப்பம்தான் லெச்சணமா இருக்கு" என்றார்.

பிறகு முலுண்டுக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரையில், ஆங்கில எழுத்துகளில், சுத்தமான தமிழில் ஒரு கேள்வி வந்தது.

எங்கே இன்னொண்ணு?

கம்ப்யூட்டர் அதற்கு முன் என்னிடம் தமிழ் பேசியதில்லை. பின்னால் கற்பூர வாசனை. பக்கத்தில் சரஸ்வதி படம். யார் கேட்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்டர் தட்டினேன். மறுபடியும் கேட்டது. எங்கே இன்னொண்ணு? இன்னொரு தட்டு. எங்கே இன்னொண்ணு? நான் தட்டத் தட்டத் திரை முழுக்க அந்தக் கேள்வி வரிசை கட்டி ஏறிக்கொண்டே போனது. முலுண்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, என் பொண்ணுக்கு மாப்பிள்ளை எங்கேன்னு அதுவே கேக்கறது?" என்றார்.

பலகையில் இருந்த டிஸ்க்கைப் பாய்ந்து எடுக்கப் போனேன். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். "ஏலே! பூசையில வச்சத எடுக்கப்படாது. நாளைக்குக் காலையில சூடம் காட்டிட்டுத்தான்."

முலுண்டுக்காரரிடம் லிஸ்டைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, சயானுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து சுனாபட்டிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வழியெல்லாம் பம்பாய்த் தமிழ்க் குமரிகளும் குமரர்களும் என்னால் கல்யாணம் ஆகாமல் கிழடாவது கண்முன் ஓடியது. எனக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டது.

மேடம் வீட்டில் புத்தகம், பேனா, பஞ்சாங்கம் எல்லாம் பட்டுத் துணி போர்த்திப் பூஜையில் இருந்தன. அன்றைக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத மனுஷியை ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். நான் போனபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, பூ கட்டி வந்த செய்தித்தாள் துண்டை நிமிர்த்திப் படித்துக்கொண்டிருந்தார்.

"அது என்னடி கையில?" உள்ளேயிருந்து அம்மா குரல்.

"பூவும்மா."

"பூவை யாராவது இடமிருந்து வலமாப் பாப்பாளோ?"

நான் வாசலில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். அழுதேனா என்று கேட்டால், வேர்த்திருந்தது என்று சொல்வேன். மேடம் முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்பாள் இல்லப்பா, நான்தான் அப்படி எழுதி வச்சேன். ஒரு டிஸ்க் இல்லேன்னா ஒரு அடிகூட நகராம கேள்வி மட்டும் கேக்கும். அரிசி மாவைத் தூக்கிப் பூஜையில வச்சுட்டு, வெறும் உளுந்து மாவுல இட்லி வாக்கப் பாத்திருக்கே. ரெண்டையும் சேத்தா மறுபடி இட்லி. ஒண்ணும் போகலை."

"இதை நீங்க சொல்லவே இல்லையே மேடம்?"

"சொன்னேனே! அண்ணாச்சிகிட்ட!"

எனக்கு உயிர் வந்தது. படபடப்பு அடங்கி, கொஞ்சம் சுண்டல் கிடைக்குமா என்று உள்ளே எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயிர் வந்தது. அப்போது அவர் ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரிக் கேட்டார்.

"சந்தனம் எங்க வச்சே?"

"நெத்தியில மேடம்."

"டிஸ்க்குக்கு ஏதுடா நெத்தி?"

கையால் காட்டினேன். மேடம் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "அங்க ஒரு சின்ன ஓட்டை இருக்குமே. அதுக்கு மேலயா?"

"ஓட்டைய மறைக்கத்தான் பூ வச்சேன்."

அந்த ஓட்டை வழியாகத்தான் டிஸ்க் மூச்சு விடுமாம். மூடக் கூடாது என்று பக்கத்திலேயே எழுதியிருக்குமாம். அன்றைக்குப் படிக்கக் கூடாத நாள் என்று ஒரு ஜோக் அடிக்கலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஈரச் சந்தனம் உள்ளே போயிருந்தால் தட்டு போச்சு. ஒரு தட்டு போனால் இரண்டும் போச்சு.

"காப்பி எடுத்து வச்சிருக்கீங்கள்ல மேடம்? ஃப்ளாப்பில?"

நகல் எடுப்பது என்றால் ஃப்ளாப்பியை ஒவ்வொன்றாகச் செருகி, அது நிரம்பும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மேடம் உட்கார்ந்திருப்பாரா? இரண்டு டிஸ்க் போட்ட பிறகு ஒருமுறைகூட அவர் நகல் எடுக்கவில்லை. அந்த மனுஷியை முதல்முறையாகப் பயந்த முகத்தோடு அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பயம் எனக்குப் பழக்கம். அது சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். அவருடையது அப்படி இல்லை. உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கெளம்பு, இப்பவே போலாம்" என்று எழுந்தபோது அம்மா வாசலை மறித்து நின்றார். "இன்னிக்கு மெஷினைத் தொட்டேன்னா இந்த ஆத்துப் படி ஏறாதே. அந்த வேலைக்குப் போனதே என்னைக் கேக்காமப் போனே. நாளைக்குக் கார்த்தால போ."

விஜயதசமி காலையில் அண்ணாச்சி சூடம் காட்டி முடிக்கும் வரை மேடம் பலகையை விட்டு நகரவில்லை. பிறகு தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து, நுனியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, காய்ந்த சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. டிஸ்க்கைப் பெட்டிக்குள் பொருத்தி மெஷினைப் போட்டார். தட்டு சுழலும் சத்தம் கேட்டது. கேள்வி எதுவும் வரவில்லை.

முதல் வேலையாக அண்ணாச்சியிடம் ஒரு பெட்டி ஃப்ளாப்பி கேட்டு வாங்கிக்கொண்டு நகல் எடுக்க உட்கார்ந்தார். பகல் முழுக்க ஒன்றைச் செருகுவார், காத்திருப்பார், எடுப்பார், அடுத்ததைச் செருகுவார். எனக்கு எதையும் தொட அனுமதி இல்லை. ஃப்ளாப்பி மேல் எண் எழுதும் பதவி மட்டும். நான் எழுதிய எண்ணையும் ஒருமுறை சரிபார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை ஒரு டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் பெட்டி, மேடம் திரை. ஹாலில் இறக்கி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார்.

எங்கே இன்னொண்ணு?

"சந்தனம்" என்றேன். மேடம் மண்டியிட்டு இரண்டு டிஸ்க் மேலும் மாறி மாறிக் காதை வைத்துப் பார்த்தார். என்னால் நெற்றியில் பட்டை போடப்பட்ட டிஸ்க் ஜம்மென்று சுழன்றுகொண்டிருந்தது. செத்துப்போனது மற்றது. பொட்டுகூட வைக்காதது. டாக்சி குலுக்கலோ என்னவோ, கடைசி வரை காரணம் தெரியவில்லை. "அண்ணாச்சி, பூசை பண்ணாதது செத்துப் போச்சு" என்று நான் சொல்ல, அண்ணாச்சி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஃப்ளாப்பிகள் பையில் இருந்தன. மேடம் எல்லாவற்றையும் அந்த ஒரே டிஸ்க்கில் ஏற்றினார். அது முடிவதற்குள் வரிசை ஹாலைத் தாண்டி மாடிப்படி இறங்கிவிட்டது. "உன்னாலதான் காப்பி எடுத்தேன்" என்றார் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதுக்காகத் தேங்க்ஸ் சொல்லுவேன்னு நிக்காதே. போய் அவாளைச் சமாளி."

ஒற்றை டிஸ்க். பழைய வேகம். ஒரு குடும்பத்துக்கு ஒரு டீ. வரிசை நகரவே இல்லை. செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் பட்டுப்புடவையில் வந்தவர்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். நான் முன்னும் பின்னும் ஓடி, "இதோ ஆயிடுச்சு, அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைக்கே அர்த்தம் இல்லாமல் செய்தேன். ஒரு தாராவிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏ தம்பி, எங்க காலத்துல ஜோசியரு வெத்தலைய மடிக்கதுக்குள்ள சொல்லிருவாரு. இது என்ன, கருத்தரிச்சு பெத்துத்தான் குடுக்குமா?" என்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் சிரித்தார். அவர் அந்த அம்மாளைப் பார்த்து, "ஒங்களுக்குப் பையனா, பொண்ணா?" என்று கேட்டார். நான் அடுத்த ஆளிடம் அஞ்சு நிமிஷம் சொல்லப் போய்விட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வரிசையில் இருந்து குடும்பங்கள் கழன்று போக ஆரம்பித்தன. மேடம் அதைக் கவனித்துவிட்டார். ஒவ்வொரு குடும்பமும் வெளியேறும்போது அவர் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். மேடம் எழுந்து நின்றார்.

"தெரியும் அண்ணாச்சி. நிறைய பேர் லிஸ்ட் வாங்காமலே கோவிச்சுண்டு போயிட்டா."

"கோவமா? யாருக்குக் கோவம்?" அண்ணாச்சி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். "மூணு குடும்பம், நிச்சயத்துக்குப் பத்திரிகை மாதிரி காட்டுங்கன்னு நிக்கி. வரிசையில நின்னுட்டே பேசி முடிச்சிட்டாங்க மேடம்! நின்ன நிப்புல பொண்ணையும் பையனையும் பாத்துக்கிட்டாங்க, சாதகத்த மாத்திக்கிட்டாங்க, வடைய மாத்திக்கிட்டாங்க. லிஸ்டை யாரு கேக்கா?"

மெஷின் விற்பனைப் பேச்சை அதோடு விட்டார். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் பெரிய ஹால் பார்க்கச் சொன்னார்.

செத்த டிஸ்க்குக்குப் பதிலாக, அதை விற்ற கம்பெனிக்காரர்கள் புதிது கொடுத்தார்கள். மேடம் அன்றைக்கே பொருத்தி, எல்லாவற்றையும் மறுபடி துண்டு போட்டு ஏற்றி, அண்ணாச்சியை மாடிக்கு அழைத்து ஓட்டிக் காட்டினார். அண்ணாச்சி நாற்காலியில் உட்காருவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா இவ்வளவு வெரசா வந்தா சனங்க எதுக்கு வரிசையில நிக்கும்? அந்த ரெண்டாவதக் கழட்டிருங்க."

மேடம் மெஷினை அணைத்து, தானே கழற்றி, அண்ணாச்சியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். ஃப்ளாப்பி நகலை மிச்சம் இருந்த டிஸ்க்கில் ஏற்றி வைத்தார். பொங்கலுக்கு முன் ராஜினாமா கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். மெஷின் ஒற்றை டிஸ்க்கோடு இன்னும் சில வருஷம் மாட்டுங்காவில் ஓடியது. அது அச்சடித்துக் கொடுத்த பட்டியலில் இருந்து ஒரு கல்யாணமாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. வரிசையில் நின்றவர்களுக்குள் நிறைய நடந்தது.